முட்டை தின்னி

ஹெமியின் மண்வெட்டி மூன்றாம் தடவை இறங்கியபோதுதான், மரத்தில் வாழும் பூனையளவு விலங்கான அந்தப் பொசம் கத்துவதை நிறுத்தியது. சிட்னியின் செவன் ஹில்ஸில் மரச்சட்டம் அடிக்கும் தொழிற்சாலை, காலைத் தேநீர் நேரம். சிவசோதியின் சப்பாத்தெல்லாம் இரத்தம். படகில் வந்து தற்காலிக விசாவில் வேலை பார்க்கிறவனுக்கு இரத்தத்தைவிடப் பொலிஸ்தான் பயம்.

ஹெமியோ வெற்றிக் களிப்பில் நின்றான். நியூசிலாந்தின் பூர்வகுடி, மாவோரி. ஆள் தங்கமானவன், கோபம் மட்டும் மூக்கு நுனியில். அவனது நாட்டில் பொசம் வெளியிலிருந்து வந்து, காட்டுப் பறவைகளின் முட்டையையும் குஞ்சையும் தின்று தீர்க்கிற சனியன். கண்ட இடத்தில் கொல்லென்றுதான் அவனை வளர்த்திருந்தார்கள். அவுஸ்திரேலியாவில் அது மண்ணின் சொந்த விலங்கு, தொட்டாலே வழக்கு என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. பாவி, சூப்பவைசரைத் தானே கூப்பிட்டுப் பெருமையாகக் காட்டினான். அவர் முகம் வெளிறி, ஃபோனை எடுத்துக்கொண்டு அப்பால் போனார்.

"சோதி, நீ ஒண்டும் காணேல்லை. உன்ர விசாவை நினைச்சுக்கொண்டு உள்ள வா" என்றான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் யோகா.

சிவசோதி போகத்தான் திரும்பினான். செத்ததன் வயிற்றில், கங்காருவுக்கு இருப்பதுபோன்ற பை அசைந்தது. உள்ளே உள்ளங்கையளவில் ஒரு குட்டி. ஹெமி மறுபடி மண்வெட்டியை ஓங்கினான். சிவசோதி யோசிக்கவேயில்லை. குட்டியைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு, தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னான்: இது இந்தக் குட்டியின் நாடு, வெளியிலிருந்து வந்தது நீயும் நானும்தான்.

வந்தவன் என்ற பேச்சை ஹெமி சிட்னியில் எத்தனை வாயால் கேட்டிருந்தானோ, குத்து நேரே சிவசோதியின் முகத்தில் விழுந்தது. அடுத்தது விலாவில். கழன்ற பல்லை நாக்கு தடவியது. கீழே சரிந்தும் சிவசோதி நெஞ்சிலிருந்து கையை எடுக்கவில்லை. யோகா ஓடிவந்து ஹெமியை இழுத்துப் பிடித்தான்.

"பைத்தியக்காரா, அதை எறி. பொலிஸ் வருது."

வந்த பொலிஸ்காரர், வாயில் என்ன காயமென்று கேட்டார். விழுந்துவிட்டேன் என்றான் சிவசோதி. ஹெமி தலையைத் தூக்கி அவனைப் பார்த்தான். சட்டைக்குள் என்ன, கையை வெளியே எடு என்றார் பொலிஸ்காரர். இரண்டாம் முறை சொன்னபோது அவரது கை இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிருந்தது.

சிவசோதிக்கு அழுகை வந்தது. ஒற்றைக் கையால் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினான். அவனது தோலில் நகங்களை இறக்கிக்கொண்டு, குட்டி அவன் மார்பில் பால் தேடித் துழாவிக்கொண்டிருந்தது.