இரஞ்சிதத்தின் துளசிப் போத்தல்கள்

இந்த முறையும் மாம்பழத்துக்குள் புழு நெளிந்தால் மரங்களைத் தறித்துவிட்டுச் சோளம் போடப்போவதாகத் தங்கராசா சொல்லிவிட்டார். சொன்னால் செய்கிற மனிசன். போர் முடிந்து நெடுங்கேணிக்குத் திரும்பி வந்த வருசம் அவர் மனைவி இரஞ்சிதம் தன் கையால் குழி வெட்டி, வாளியில் தண்ணீர் சுமந்து வளர்த்த மரங்கள் அவை. தறிக்க விடுவாளா?

அதனால்தான் விவசாயப் போதனாசிரியை தாட்சாயினி பெட்டியில் பழ ஈக்களைக் கொண்டுவந்தபோது, ஊரே சிரித்தும் இரஞ்சிதம் முதல் ஆளாகக் கை தூக்கினாள்.

"எல்லாம் ஆண் ஈ, அக்கா. மலடாக்கின ஈ. தோட்டத்துப் பெண் ஈ இதுகளோட சேர்ந்து பழத்தில முட்டை போட்டாலும் பொரிச்சுப் புழு வராது. நீங்கள் மருந்து மட்டும் அடிச்சுப்போடாதேங்கோ" என்றாள் தாட்சாயினி.

இரஞ்சிதம் மருந்து அடிக்கவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? துளசியைக் கசக்கிச் சவர்க்காரத் தண்ணீரில் போட்டு, போத்தல்களில் ஊற்றி மரத்துக்கு மரம் கட்டினாள். வாசத்துக்கு ஈ தேடி வந்து விழும். அவள் வருசா வருசம் செய்கிற வேலைதான். மிஸ்ஸுக்கு நாமும் ஒரு கை கொடுப்போமே என்ற நல்லெண்ணம்!

அடுத்த கிழமை வந்த தாட்சாயினி ஒரு போத்தலைக் கழற்றிப் பார்த்தாள். செத்து மிதந்த ஈக்களின் முதுகில் ரோசா நிறப் பொடி. அடையாளத்துக்காகப் பூசி விடப்பட்டவை.

"ஐயோ அக்கா, துளசிக்கு ஆண் ஈதான் வரும். நான் விட்டதுகளை நீங்களே பிடிச்சுப் போட்டியளே!"

இரஞ்சிதம் மற்றப் போத்தல்களையும் அவசரமாக அவிழ்க்கத் தொடங்கினாள். "வேற பெட்டி இல்லையோ, மிஸ்?"

"இருக்கிறது நேசமலர் அக்கான்ர கொய்யாத் தோட்டத்துக்குரியது. அவா விட்டுத்தந்தால்தான்."

போயும் போயும் நேசமலரிடமா! மாடு வேலி பாய்ந்த சண்டைக்குப் பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தையே இல்லை. இரஞ்சிதம் வெட்கத்தை விட்டுப் போய் வேலியடியில் நின்று நடந்ததைச் சொன்னாள். நேசமலர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"உன்ர கெட்டித்தனம் ஊரறிஞ்சதுதானே! பாதியைக் கொண்டு போ. இனி வாற பெட்டியளிலும் பாதி உனக்கு."

மாங்காய் கனிந்ததும் தங்கராசா கத்தியோடு வந்தார். ஒன்றை வெட்டினார். புழு இல்லை. நம்பாமல் இன்னொன்று, பிறகும் ஒன்று. கடைசியில் கத்தியை வைத்துவிட்டு, வெட்டியதையெல்லாம் தோலோடு தின்னத் தொடங்கினார்.

"இன்னும் நாலு மாங்கண்டு வைப்பம்" என்றார், சாறு வழிய வழிய.

இரஞ்சிதம் ஒரு கூடை பழத்தைத் தூக்கிக்கொண்டு நேசமலர் வீட்டுக்கு ஓடினாள். அடுப்படி நிலத்தில் உட்கார்ந்து நேசமலர் கொய்யாப்பழம் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லது ஒரு குவியல், புழு விழுந்தது ஒரு குவியல். இரண்டும் ஒரே அளவு.

"பாதி தப்பினதே பெரிய காரியம். போன முறை அதுவுமில்லை" என்றாள் நேசமலர்.

இரஞ்சிதம் கூடையை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ தராட்டில் என்ர மரமெல்லாம் இப்ப விறகு, நேசம். செத்தாலும் மறக்கமாட்டன். அடுத்த முறை என்ர பெட்டி முழுக்க உனக்குத்தானடி."