குமிழின் மறுமுனை

நெரெய்தா வலது கையை எஞ்சினுக்கும் பாட்டரிக்கும் நடுவே முழங்கை வரை விட்டு, சுண்டுவிரல் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாயைத் தடவிக்கொண்டே போனாள். எங்காவது காற்று கசிந்தால் இன்றைக்கு மானம் போய்விடும். இன்னும் ஒரு மணி நேரத்தில் அப்பாவைக் கல்லறைக்கு எடுக்கிறார்கள். அமரர் ஊர்திக்குப் பின்னால் பதினெட்டு வண்டிகள். முதல் வண்டி இதுதான். பட்டறை வாசலில் எல்லாரும் நின்று எஞ்சினை உறுமவிடுவார்கள். மெக்கானிக் செத்தால் அந்த ஊரில் வழியனுப்புவது அப்படி.

டர்போவுக்குப் போய்ச் சேரவேண்டிய குழாய், பாட்டரிக்கு அடியிலேயே முடிந்துவிட்டது.

வெளியே இழுத்துப் பார்த்தாள். அதன் வாயில் ஒரு திருகாணியைச் சொருகி, கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தது. கம்பி முனை உள்பக்கமாக மடங்கியிருந்தது. யார் கையையும் கீறிவிடக் கூடாதென்று அப்படி மடக்குகிறவர் தொரிபியோ ஒருவர்தான். அவள் அப்பா.

ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் அவர் ஒரு குமிழ் வைத்து, அதிலிருந்து இந்தக் குழாயை இழுத்துக் கொடுத்து மூன்று வருடமாகிறது. வலப்பக்கம் திருகினால் டர்போ எஞ்சினுக்குள் கூடுதலாகக் காற்றைத் திணிக்கும், இந்தக் குட்டி வண்டி புலியாகிவிடும் என்றார். சலினாஸ் கார்ப் பந்தயத்தில் ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் சிலுவை போட்டுக்கொண்டு அதைத் திருகுவாள். வேகம் கூடியதாகவே அவளுக்குத் தோன்றும், நம்பிக்கை அப்படிப்பட்டது. ஆனாலும் மூன்று வருடமும் இறுதி ஓட்டத்தில் மயிரிழையில் தோற்றாள்.

“வண்டிக்குக் கொடுக்கவேண்டியதெல்லாம் கொடுத்தாச்சும்மா. கார்மேல் மாதா மேல சத்தியம். உன் கைதான் மந்தம்” என்றார் அப்பா.

அதன் பிறகு நிறுத்திவைத்த வண்டியில் உட்கார்ந்து தினமும் முந்நூறு தடவை கியர் மாற்றினாள். பக்கத்து இருக்கையில் அவர் கடிகாரத்தோடு உட்கார்ந்து எண்ணினார். மணிக்கட்டு வீங்கியபோது தைலம் தேய்த்துவிட்டவரும் அவர்தான்.

ஓவிதியோ இரண்டு கோப்பைக் காபியோடு வந்தார். இருபத்தாறு வருடம் அப்பாவோடு ஒரே பட்டறையில் வேலை பார்த்தவர். அவள் கையில் இருந்த குழாயைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார்.

“இன்னைக்கா இதப் பாக்கணும் நீ?”

“அப்ப உங்களுக்கும் தெரியும்.”

“முதல் வருஷம் பயிற்சியில பந்தயத் தடத்துச் சுவத்துல உரசினியே, மறுநாள் காலையில இந்தக் கம்பியோட வந்து நின்னாரு. நான் என்ன செய்ய?”

“வேற யாருக்குத் தெரியும் மாமா?”

“பட்டறையில எல்லாருக்கும். உங்கம்மாவுக்குத் தெரியாது.” அவர் சட்டென்று உற்சாகம் வரவழைத்துக்கொண்டார். “அட, கம்பெனி கொடுத்த காத்தோடயே பைனல் வரைக்கும் போனவடி நீ! நாங்கல்லாம் வாயப் பொளந்துக்கிட்டு நின்னோம்.”

“பொளந்தீங்கல்ல, அந்த வாயால ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

ஓவிதியோ காபியைப் பார்த்தார். “பயந்துட்டாரும்மா. அதச் சொல்ல அவருக்கு வெக்கம்.”

“பயமா இருக்குன்னு சொல்லியிருந்தா பந்தயத்த விட்டிருப்பேனோ, மாட்டேனோ. ஆனா மூணு வருஷமா என் கையையே நான் திட்டிக்கிட்டு இருந்திருக்க மாட்டேன்.”

குறடு ஒன்றை எடுத்துக் கம்பியைப் பிரிக்கப் போனாள்.

“வேணாம், மாட்டிடாத. அந்தக் காத்துக்கு ஏத்த பெட்ரோல் இதுல வராது. பிஸ்டன் உருகிடும்.”

“இதாவது நிஜமா?”

அவர் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, அவளுக்கும் எஞ்சினுக்கும் நடுவே வந்து நின்றார். அவள் குறட்டைத் திரும்ப வைத்தாள்.

வாசலில் அம்மா வந்து நின்றாள். கறுப்பு உடுப்பு, கையில் ஜெபமாலை. “அவர எடுக்கப்போறாங்கடி. மூஞ்சியெல்லாம் மசி.” கைக்குட்டையை எச்சிலில் நனைத்து மகளின் கன்னத்தைத் துடைத்தாள். “பட்டறை முன்னாடி நீ அழுத்துற அழுத்துல பொன்ஸ் டவுன் வரைக்கும் கேக்கணும், ஆமா. இந்த வண்டிக்காகவே உயிர விட்ட மனுஷன்.”

ஓவிதியோ அம்மாவுக்குப் பின்னால் நின்று கண்ணாலேயே கெஞ்சினார்.

நெரெய்தா குழாயைப் பாட்டரிக்கு அடியில் தள்ளி, எஞ்சின் மூடியைச் சாத்தினாள். “ஏறும்மா” என்றாள்.

பட்டறை வாசலில் அமரர் ஊர்தி நின்றது. பின்னால் பதினேழு வண்டிகள் ஒன்றாகக் கத்தின. தகரக் கூரை அதிர்ந்தது. நெரெய்தாவின் பாதம் பெடலின்மேல் இருந்தது, அழுத்தவில்லை. அம்மா அவள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, “சரி, விடு. அவருக்குத் தெரியும்” என்று மகளின் முழங்காலைத் தட்டிக்கொடுத்தாள்.

கல்லறைச் சாலை திரும்பும் இடத்தில் கெனேப்பாப் பழம் விற்கிறவன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். வண்டி பக்கத்தில் ஊர்ந்தபோது பச்சைக் கொத்து ஒன்றை ஜன்னல் வழியாக அம்மாவின் மடியில் போட்டான். அம்மா பணப்பையைத் திறந்தாள்.

“அட போம்மா, வெயிலு. பொண்ணுக்கு நாக்கு வறண்டிருக்கும்” என்றான்.

அம்மா ஒரு பழத்தைப் பல்லால் கடித்துத் தோலுரித்து, மகளின் வாயில் வைத்தாள். புளிப்பு தாடை வரைக்கும் ஏறியது. சதை கரைந்து, வழுவழுவென்று கொட்டை மட்டும் மிஞ்சியது. முன்னால் அமரர் ஊர்தி மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. நெரெய்தா கொட்டையைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டாள்.