ஊரணி என்று தோண்டிய குழி

1
அக்காள்மடத்துத் தேநீர்க் கடையில் ஒருவரிடம், பழைய மேடுகளைத் தோண்டிப் பார்க்க யார்தான் காசு கொடுத்தார்கள் என்று கேட்டேன். அந்தக் காலத்தில் மண் சுமந்தவர். "ஊரணி வெட்டுறோம்னு பொய் சொன்னோம்ல" என்று சிரித்தார். காதில் விழுந்தது அந்த ஒரு வரிதான். மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2
பெஞ்சமின் பிறந்த நாளிலிருந்தே பழம்பொருள்மீது…
(வேண்டாம். பிறந்த கதை யாருக்கு வேண்டும்?)

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். தொல்லியல் உதவியாளன் பெஞ்சமின், கிணறெல்லாம் உப்புக் கரிக்கும் கடலோரத்தில், காரங்காட்டுப் பக்கம் ஒரு மேட்டைத் தோண்டப் பணம் கேட்டான்.
"என்ன கிடைக்கும்?" என்றது மேலிடம்.
"தோண்டினால்தான் தெரியும்."
"தெரிந்தபின் கேளும். தருகிறோம்."

அந்த வருஷம் மழை இல்லை. ஊரணி வெட்டப் பஞ்ச நிவாரணத்தில் பணம் இருந்தது. அந்த மேட்டின்மேலேயே ஊரணி வேண்டுமென்று பெஞ்சமின் மனுப் போட்டான். மேட்டிலா ஊரணி என்று அலுவலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

3
கேட்டவள் பிச்சையம்மாள், கூலிக்கு வந்தவர்களின் தலைவி. மண்வெட்டியை ஓங்கியவளை அவன் ஓடிவந்து தடுத்தான்.
"மாதாவே, மெதுவா! தொடப்பத்தால கூட்டுங்க."
"ஊரணிய யாராச்சும் கூட்டித் தோண்டுவாகளா சார்?"
(அவளை வெகுளியாக எழுதப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.)

ஆளுயர ஆழத்தில் சுடுமண் வளையங்கள் தெரிந்தன, ஒன்றின்மேல் ஒன்றாக. பழங்காலத்து உறைகிணறு! பெஞ்சமின் குழிக்குள்ளேயே உட்கார்ந்து அழுதான். மேலிடத்துக்குத் தந்தி அடித்தான். கிணற்றை அடைத்திருந்த மண்ணை அள்ள அள்ள ஈரம், பிறகு தண்ணீர். பிச்சையம்மாள் ஒரு கை அள்ளிக் குடித்தாள்.
"உப்பே இல்ல சார்!"
மறுநாள் ஊரிலிருந்த குடமெல்லாம் வரிசையில் நின்றன.

4
நிவாரண அதிகாரி பூரித்துப்போனார். "ஊரணி பிரமாதம்! அந்த வளையத்த ஒடைச்சுப்புட்டு அகலமா வெட்டுங்க."
தொல்லியல் மேலிடமும் ஆள் விட்டுச் சொன்னது: பணம் தருகிறோம். தண்ணீரை இறைத்துவிட்டு ஆய்வு செய்க. முடிந்ததும் விதிப்படி குழியை மூடுக.
"ஒருத்தரு ஒடைக்கச் சொல்றாரு, ஒருத்தரு மூடச் சொல்றாரு" என்றாள் பிச்சையம்மாள். "குடிக்கச் சொல்ல ஆளில்லையா?"

5
முடிவு ஒன்று: மூடினான்.
(எழுதினேன். பிச்சையம்மாள் குழிக்குள் இறங்கி உட்கார்ந்துகொண்டாள். அடித்துவிட்டேன்.)
முடிவு இரண்டு: பெஞ்சமின் கடப்பாரையை ஓங்கி…
(கை இறங்கவில்லை. அவனுக்கும், எனக்கும்.)

இப்போது நிவாரண அதிகாரியும் தொல்லியல் அதிகாரியும் ஒரே ஜீப்பில் வந்து இறங்கியிருக்கிறார்கள். விளிம்பில் நின்று கேட்கிறார்கள்: "இது என்ன குழி?"
பெஞ்சமின் வாயைத் திறக்கிறான். அவனுக்கு நான் வார்த்தை தரப்போவதில்லை. நீங்கள் தாருங்கள். கொஞ்சம் மெதுவாகவே தாருங்கள். பிச்சையம்மாளின் குடம் இன்னும் நிறையவில்லை.