இடப்பக்கத்து நட்சத்திரங்கள்

மயாகுவேஸ் நகரில் பயிற்சிக்கு இடம் கிடைத்துவிட்டது என்றதும் யானிராவின் வகுப்புத் தோழர்கள் அவளைக் கட்டிக்கொண்டு வாழ்த்தினார்கள். டிசம்பர் வந்தபோது அவர்களில் யாராவது எதிரே வந்திருந்தால் கடித்துக் குதறியிருப்பாள்.

உளவியல் முனைவர் படிப்பில் அவளுக்கு மிச்சமிருந்தது மதிப்பீட்டுப் பயிற்சிதான். நோயாளியை உட்காரவைத்து நினைவு, கவனம், அறிவு, மனநிலை என எல்லாச் சோதனைகளையும் முழுதாகச் செய்து, அறிக்கை எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்கவேண்டும். பாதியில் நின்றது கணக்கில் சேராது. அப்படிச் சில முழு அறிக்கைகள் இருந்தால்தான் அடுத்த கட்டத்துக்கு விண்ணப்பமே போடமுடியும். ஆனால் அவளுக்கு இடம் கிடைத்த மனநல மையத்தில் மூன்று மாணவர்களுக்கு ஒரே ஒரு சோதனைப் பெட்டி. பெட்டி கையில் இருக்கும் நாளில் நோயாளி வரமாட்டார். நோயாளி வரும் நாளில் பெட்டி, மேற்பார்வையாளர் டாக்டர் ஓதெத்தின் கார் டிக்கியில் வேறு ஊருக்குப் போயிருக்கும். அவர் மூன்று ஊர்களில் மூன்று மையங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அதிசயமாகப் பெட்டியும் இருந்தது, நோயாளியும் வந்தார்.

வந்தவர் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் எலியேசர்; வயதுக்கு மரியாதையாக எல்லாரும் 'தோன்' எலியேசர் என்பார்கள். கோடையில் மூளையில் சின்னதாய் ரத்தக் கட்டு வந்து, பிழைத்து, இப்போது நன்றாக நடந்தார், நன்றாகப் பேசினார். மறுபடி பேருந்து ஓட்டச் சான்று வேண்டும் என்று அவரது நிறுவனம் கேட்டிருந்தது. மனைவி மிக்தாலியா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே உட்கார்ந்தாள்.

"என்னம்மா, எனக்குப் பைத்தியமா இல்லையான்னு பாக்கப்போறியா?" என்று நாற்காலியில் சாய்ந்தார் அவர். "என் மாமியாரைக் கேட்டிருந்தா சும்மாவே எழுதிக் குடுத்திருப்பாளே."

யானிரா சிரித்துவிட்டாள். அவள் சொன்ன சொற்களை வரிசை மாறாமல் திருப்பிச் சொன்னார். கணக்குகளை அவள் முடிக்கும் முன்பே போட்டார். இந்த அறிக்கை முழுதாகவும் நல்லதாகவும் வரப்போகிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் துள்ளியது. அடுத்து, பெரிதும் சிறிதுமாய் நட்சத்திரங்கள் இறைந்து கிடக்கும் அச்சுத்தாளை நடுவில் வைத்து, "சின்ன நட்சத்திரம் எல்லாத்தையும் பேனாவால அடிச்சுடுங்க" என்றாள்.

கொஞ்ச நேரத்தில் பேனாவைக் கீழே வைத்தார். வலப்பக்கத்தில் ஒன்றுகூட விடாமல் அழகாக அடித்திருந்தார். இடப்பக்கத்தை மட்டும் பேனா தொடவே இல்லை.

"அவசரமில்ல, இன்னொரு தடவை பாருங்களேன்."

"ஒண்ணு பாக்கியில்ல, பாப்பா. வேணும்னா எண்ணிக்கோ."

கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் சரியாக வந்தது. பன்னிரண்டு எண்களும் வலப்பக்கத்தில் நெரிசல் பேருந்துப் பயணிகளைப்போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. யானிராவுக்குப் புரிந்தது. அவருடைய கண்ணில் குறையில்லை. மூளைதான் இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது. மையத்து ஜெனரேட்டர் மருந்துக் குளிர்பெட்டிக்கும் இயக்குநர் அறைக்கும் மட்டும்தான். சன்னல் இல்லாத அந்த அறை புழுங்கியது. காத்துக் காத்துப் பார்த்துவிட்டு, சோதனையை அதோடு நிறுத்தவேண்டியதாயிற்று. யானிரா மேசைக்கு அடியில் குப்பைத் தொட்டியை ஓங்கி உதைத்தாள்.

வழியனுப்பக் கீழே போனபோது அவர்கள் காரைப் பார்த்தாள். இடப்பக்கம் முழுக்க முன்னிருந்து பின்வரை கிழிந்த கோடுகள்.

"சந்தையில யாரோ ஒரு மடையன் உரசிட்டுப் போயிட்டான்" என்றார் தோன் எலியேசர்.

"ஒரு மடையன் இல்ல, மூணு பேரு, மூணு தடவை" என்றாள் மிக்தாலியா தாழ்ந்த குரலில். அவர் காருக்குள் ஏறும்வரை காத்திருந்து, யானிராவின் கையைப் பிடித்தாள். "ஜனவரியில மூணு ராஜாக்கள் திருநாள் லீவு முடிஞ்சதும் பஸ்ஸை எடுக்கச் சொல்லிட்டாங்க. ஆள் பத்தலையாம், சான்று மெதுவா வந்தா போதுமாம். அவர் நல்லாத்தானே இருக்கார், டாக்டர்?"

"நான் இன்னும் டாக்டர் ஆகல" என்றுதான் யானிராவால் சொல்ல முடிந்தது.

உடனே ஓதெத்தைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"அவர் இடப்பக்கமே பாக்கறதில்ல, டாக்டர்."

"லைட் போச்சுன்னியே?"

"அது அப்புறம் போச்சு. இது அதுக்கு முன்னாடி."

"நீ பாத்தே. நான் பாக்கலயே? பாதிச் சோதனையில நான் எப்படிம்மா கையெழுத்துப் போடறது? அவங்க ஒரு வக்கீலை வெச்சா, இருட்டுல எடுத்த சோதனைன்னு நாறடிச்சிடுவான். புதுத் தேதி குடு."

"புதுத் தேதி மார்ச்சுலதான் இருக்கு! ஜனவரியில பஸ்ஸு நிறைய குழந்தைங்க—"

"கத்தாதே. நான் ரோட்டுல இருக்கேன்."

தாளைப் படமெடுத்து அனுப்பினாள். நோயாளியின் தாளைத் தொலைபேசியில் அனுப்பலாமா என்று திட்டு வந்தது, தாளைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. பல்கலைக்கழகத்தில் பயிற்சிகளைக் கவனிக்கும் பேராசிரியருக்கு எழுதினாள். அது பயிற்சி இடத்து விவகாரம், மேற்பார்வையாளரோடு பேசிக்கொள்ளவும் என்று பதில் வந்தது, கடைசியில் ஒரு சிரித்த முகத்தோடு. அந்த மஞ்சள் முகத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஓதெத் மையத்துக்கு வரும் நாளில் யானிரா வண்டி நிறுத்துமிடத்திலேயே போய் நின்றாள். அவர் காருக்குள் உட்கார்ந்து இறைச்சி அடைத்துப் பொரித்து ஆறிப்போன எம்பனாதியாவைத் தின்றுகொண்டிருந்தார். மதிய உணவா காலை உணவா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"நீங்களே வந்து பாருங்க, டாக்டர். ஒரே ஒரு தாள். பால்கனியில, பட்டப்பகல்ல."

"உனக்கு அறிக்கை குறையுது. அதுக்குத்தானே இந்தக் குதி குதிக்கறே?"

சுருக்கென்று தைத்தது. சோதனை தொடங்கும்போது அவளும் அதைத்தானே நினைத்தாள்? "இது பாதிச் சோதனை. எனக்கு எண்ணிக்கையில சேராது. அது உங்களுக்கும் தெரியும்" என்றாள்.

ஓதெத் கையைத் துடைத்துக்கொண்டார். "வரச் சொல்லு" என்றார்.

தோன் எலியேசர் இந்த முறை வேடிக்கை பேசவில்லை. பால்கனி வெயிலில் கண் கூசியது. ஓதெத் எதிரே உட்கார, அவர் புதுத் தாளில் வலப்பக்கத்து நட்சத்திரங்களை விறுவிறுவென்று அடித்துவிட்டு நிமிர்ந்தார். இடப்பக்கம் வெறுமையாகவே இருந்தது. ஓதெத் ஒரு நிமிடம் தாளையே பார்த்தார். பிறகு அதை மெல்ல அவருடைய வலக்கைப் பக்கமாக நகர்த்தி, விடுபட்ட நட்சத்திரம் ஒன்றின்மேல் விரலை வைத்தார்.

தோன் எலியேசரின் முகம் வெளுத்தது. "இதெல்லாம் முன்னாடி இல்ல" என்றார். "இந்தப் பொண்ணு இப்ப வரைஞ்சிருக்கா."

"இது அச்சடிச்ச தாள், தோன் எலியேசர்."

"அப்ப தாளை மாத்திட்டா! முதல்நாளே என்மேல அவளுக்கு என்னமோ இருந்துச்சு. முப்பது வருஷமா ஓட்டறேன், ஒரு குழந்தைக்கு ஒரு கீறல் விழுந்ததில்ல. கேட்டுப் பாருங்க ஊரை! உங்க ரெண்டு பேர் மேலயும் புகார் குடுக்கலேன்னா நான் எலியேசர் இல்ல."

எழுந்த வேகத்தில் கதவு நிலையில் இடத்தோளை இடித்துக்கொண்டார். நின்று அதைத் தேய்த்துக்கூடப் பார்க்காமல் படியிறங்கினார். மிக்தாலியா பின்னாலேயே எழுந்தாள். கார்ச் சாவி அவள் கைப்பைக்குள் ஏற்கெனவே போயிருந்தது.

ஓதெத் அன்றே நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் எழுதிக் கையெழுத்திட்டார். மருத்துவர் சொன்னபிறகு நிறுவனம் பேருந்தைத் தரவில்லை. அதில் யானிராவுக்கு ஒரு நிம்மதி. மற்ற எல்லாமே எரிச்சல்தான். பருவ முடிவில் அந்த மதிப்பீடு 'முழுமை பெறாதது' என்று போனது. விண்ணப்பம் ஓராண்டு தள்ளிப்போனது. புகாரும் சொன்னபடி வந்தது. நோயாளியிடம் மரியாதைக் குறைவாக நடந்தாயா என்று பல்கலைக்கழகம் அவளிடம் விளக்கம் கேட்டது. இந்த முறை சிரித்த முகம் இல்லை.

பிப்ரவரியில் ஒரு காலை மிக்தாலியா கூப்பிட்டாள்.

"அவர் என்கிட்ட பேசறதே இல்ல. வாசல்ல உக்காந்து பஸ்ஸு போறதையே பாத்துட்டிருக்கார். சாவியை எடுத்தாச்சு, சரி. இனிமே நான் என்ன பண்ணணும், சொல்லுங்க."

"இடப்பக்கம் பாக்கறதுக்குப் பயிற்சி குடுக்கறவங்க இருக்காங்க."

"அங்கயே செய்வீங்களா?"

"இல்ல, தோன்யா மிக்தாலியா. இங்க சோதனை மட்டும்தான்."

சொல்லி முடித்ததும் அந்த வாக்கியத்தைத் தன் வாயிலிருந்து கேட்க அவளுக்கே அருவருப்பாக இருந்தது. மறுமுனையில் மிக்தாலியா, "ஓ, சரி" என்றாள், கடையில் கேட்ட பொருள் இல்லை என்று தெரிந்தவளைப்போல.

அன்றைய நோயாளி வரவில்லை. பெட்டி மேசைமேல் சும்மா கிடந்தது. யானிரா இடப்பக்கப் பயிற்சி தரும் மறுவாழ்வு மையத்தின் எண்ணைத் தேடி எடுத்துக் கூப்பிட்டாள். காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டு முடிந்து இணைப்பு அறுந்தது. "நாசமாப் போங்க" என்று சொல்லிக்கொண்டே திரும்பவும் அதே எண்ணை அழுத்தினாள்.