தரையை விடாத இல்திகோ

ஹங்கேரி நாட்டு நடைப்பந்தய வீராங்கனை இல்திகோ, தேசிய அணியில் சேர்ந்த நாளிலிருந்து இரண்டு கால்களையும் ஒரே நேரத்தில் தரையிலிருந்து எடுத்ததில்லை. அதனால் வெளிநாட்டுப் போட்டிகளுக்கு அவர் நடந்தே போனார்.

ஒரு கால் எப்போதும் தரையில் இருக்க வேண்டும் என்பது நடைப்பந்தயத்தின் விதி. மற்றவர்கள் அதைப் பந்தயத்தின்போது மட்டும் கடைப்பிடித்தார்கள். அவர் எல்லா நேரமும் கடைப்பிடித்தார். தூங்கும்போதும் ஒரு கால் கட்டிலிலிருந்து இறங்கித் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். தருமபுரியில் அவர் தங்கிய வீட்டில் இதற்காகக் கட்டிலின் கால்களை அறுத்துக் குட்டையாக்கினார்கள்.

எல்லாப் போட்டிகளுக்கும் அவர் தாமதமாகவே போய்ச் சேர்ந்தார். இஸ்தான்புல்லுக்கு அவர் போனபோது மைதானத்தில் பள்ளிக்கூடம் கட்டியிருந்தார்கள். வகுப்பறைகளின் ஊடாக நடந்து பந்தயத்தை முடித்தார். நான்காம் இடம். முதல் மூன்று இடங்களில் வந்தவர்கள் அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார்கள். பாளையங்கோட்டைப் போட்டிக்கும் அப்படித்தான் வந்துகொண்டிருந்தார். போட்டி முடிந்து பல மழைக்காலங்கள் போய்விட்டன. அவருடைய பாதைக்கு மட்டும் ஆண்டுதோறும் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தார்கள்.

நான் நடுவர். கிருஷ்ணகிரியில் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தவள். கர்நாடகத்தின் நடுவர் ஓசூர் வரை கூட வந்து அவரை என்னிடம் ஒப்படைத்தார். "நல்ல பொண்ணு டீச்சர். தும்மும்போது மட்டும் கொஞ்சம் கவனிங்க," என்றார். அன்று முதல் அவர் பாதங்களைப் பார்த்தபடி பக்கத்தில் நடந்தேன். கால் தரையை விட்டதா இல்லையா என்பதை நடுவரின் வெறுங்கண் மட்டுமே சொல்ல வேண்டும். கேமரா சொன்னால் செல்லாது. நடுவர் பார்க்காதது நிகழவில்லை.

நாமக்கல்லை அடைவதற்குள் அவர் லாரிக்காரர்களிடமிருந்து தமிழ் கற்றுக்கொண்டார். என்னை அக்கா என்று கூப்பிட்டார்.

வாடிப்பட்டியில் ஒரு டீக்கடையில் இருந்தபோது ஹங்கேரியில் அவருடைய ஊரான செகெட் நகரிலிருந்து என் கைபேசிக்கு அழைப்பு வந்தது. அவருடைய அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரர் பேசினார். இல்திகோ கேட்டுவிட்டுப் போனைத் திருப்பித் தந்தார்.

"அம்மாவுக்கு முடியலையாம். இந்த வாரம் தாண்டாதாம்."

கடைக்காரப் பெண் பாண்டிக்கொடி டீ ஆற்றுவதை நிறுத்தவில்லை. "நடந்து போனா எப்பப் போய்ச் சேருவ?"

"எட்டு வருசம். வேகமாப் போனா ஏழு."

"ஏழு வருசத்துல ஆத்தாளோட எலும்பும் மிஞ்சாது தாயி. மதுரையில ஏரோப்ளேன் நிக்கிதுல்ல, ஏறிப் போ."

"ஏறினா ரெண்டு காலும் தரையை விட்டுரும். இந்த அக்கா சிவப்பு அட்டை தூக்கணும். தூக்கினா இதுவரைக்கும் வந்த தூரத்தை எல்லாம் அழிச்சிருவாங்க."

"அழிச்சா அழியட்டும், போ."

இல்திகோ தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அப்பா இறந்த செய்தி ஈரானில், உப்புப் பாலைவனத்தைக் கடக்கும்போது கிடைத்தது. அன்று அவர் திரும்பிப் போகவில்லை.

"அப்பாவுக்குப் போகாம வந்த தூரம் அக்கா இது," என்று என்னிடம் சொன்னார். "இதையும் அழிச்சிட்டா, அன்னிக்கு ஏன் போகலைன்னு அம்மா கேட்டா நான் என்ன சொல்றது?"

பாண்டிக்கொடி என் பக்கம் திரும்பினாள். "ஏன் டீச்சர், செத்த நேரம் மூடிக்கிட்டா உங்க கண்ணு கொறைஞ்சா போயிரும்? வீட்டுக்காரர் குடிச்சிட்டு வரும்போது நாங்கள்லாம் மூடிக்கிறதில்லையா?"

நான் யோசித்தேன். நடுவர் கண்ணை மூடக் கூடாது என்று விதியில் எங்கும் இல்லை. வீராங்கனையின் பக்கத்தை விட்டு அகலக் கூடாது என்று மட்டும்தான் இருந்தது.

"மூடிக்கிறேன்," என்றேன்.

"எவ்வளவு நேரம் அக்கா?"

"நீ திரும்பி வர்ற வரைக்கும்."

"லாரி வருமே."

"வரட்டும். ஹாரன் அடிப்பாங்க."

மதுரை விமான நிலையத்தின் வாசலில் அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். நான் கண்களை மூடிக்கொண்டு அங்கேயே வட்டமாக நடந்தேன். பிறகு தலைக்கு மேலே விமானம் போகும் சத்தம் கேட்டது. நான் பார்க்கவில்லை. ஆகவே இல்திகோவின் கால்கள் தரையை விடவில்லை. தரையை விடாததால் அவர் என் பக்கத்தில்தான் இருந்தார். அதே காலடிச் சத்தம். குதிகால் முதலில், பிறகு விரல்கள். நாங்கள் தெற்கே நடந்தோம்.

விருதுநகர் வரை யாரும் எதுவும் சொல்லவில்லை. அதற்கப்புறம் ஒரு லாரிக்காரர் வண்டியை மெதுவாக்கி, "யம்மா, தூங்கிட்டே நடக்கிறவங்களுக்குத் தனி ரோடு இன்னும் போடலை," என்று சொல்லிவிட்டுப் போனார். இமைகளுக்குள் வெயில் சிவப்பாக இருந்தது. சாயங்காலம் பழுத்த இலையின் நிறமாகி, மெல்ல உதிர்ந்தது. அதை வைத்துப் பொழுதைத் தெரிந்துகொண்டேன்.

சாத்தூரைத் தாண்டும்போது கைபேசி ஒலித்தது. இல்திகோ பேசினார்.

"வந்து சேர்ந்துட்டேன் அக்கா. அம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு இருக்கேன். அவங்களுக்கு என்னைத் தெரியுது."

"நல்லது."

"நான் இப்ப எங்க இருக்கேன்?"

"சாத்தூர் தாண்டிட்டோம். எதிர்க்காத்து."

"நல்லா நடக்கிறேனா?"

பக்கத்துக் காலடிகளைக் கவனித்தேன். "கொஞ்சம் களைச்சிருக்கே. ஆனா நல்லா நடக்கிறே."

அவர் யாரிடமோ ஏதோ கேட்டுவிட்டு மறுபடி வந்தார். "அங்க நடக்கிற பொண்ணு சாப்பிட்டாளான்னு அம்மா கேக்கிறாங்க."

"வெள்ளரிப்பிஞ்சு வாங்கிக் கொடுத்தேன்னு சொல்லு."

அவர் சொன்னார். மிகத் தொலைவில் ஒரு மெல்லிய சிரிப்புக் கேட்டது.

மறுநாள் கோவில்பட்டிக்கு முன்னால் மீண்டும் அழைத்தார்.

"போயிட்டாங்க அக்கா."

குரலில் அழுகை இல்லை. அழுகை என் வலப்பக்கத்தில் கேட்டது, காலடி தவறாமல். அங்கே தனக்கு அழ வரவில்லை என்றும், யாராவது பிடித்துக்கொண்டால் தேவலை என்றும் சொன்னார். நான் வலக்கையை நீட்டினேன். வியர்த்து, எலும்பு துருத்திய ஒரு தோள் கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"இப்பப் பரவாயில்லை அக்கா," என்று போனில் சொன்னார்.

கயத்தாறுக்கு அருகில் இன்னொரு காலடிச் சத்தம் வந்து சேர்ந்தது. வீட்டுக்குள் போட்டுக்கொள்ளும் செருப்பின் சத்தம். தார்ச்சாலை பழக்கமில்லாமல் தேய்த்துத் தேய்த்து வந்தது. வந்தவர், போனில் சிரித்த அதே மெல்லிய குரலில், ஹங்கேரிய மொழியில் ஏதோ கேட்டார். இல்திகோ சுருக்கமாகப் பதில் சொன்னார்.

மூன்று பேர் சேர்ந்து நடக்க இடம் போதவில்லை. நான் சாலையின் ஓரத்துக்கு நகர்ந்து, செருப்பு போட்டவரை நடுவில் விட்டேன்.