கிடைக்காத விசாவுக்கு ஒரு பேனர்

என் மாமா ஜெகதீசனுக்கு எதற்கும் பேனர் வைத்தாக வேண்டும். காதுகுத்து, புது பைக், பன்னிரண்டாம் வகுப்பு பாஸ், எதுவானாலும் மறுநாள் பட்டாபிராமில் எங்கள் தெருமுனையில் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலை என்னைப் பயிற்சி வேலைக்கு எடுத்துக்கொண்டதாகச் சொன்னதுமே ஃபிளெக்ஸ் கடைக்கு ஓடிவிட்டார். கம்பெனியே கூப்பிட்ட பிறகு விசாவெல்லாம் வெறும் சடங்கு என்பது அவர் நினைப்பு.

'ஜெர்மனி செல்லும் எங்கள் குலவிளக்கே, சென்று வா, வென்று வா' என்று தங்க நிற எழுத்தில் இருந்தது. பின்னணியில் நின்ற கோபுரம் பாரிஸில் இருப்பது. என் முகத்தைவிட மாமாவின் முகம் பெரியது. கீழே வரிசையாக அத்தை, சித்தப்பா, அவர்கள் பெற்ற பிள்ளைகள், போன வருடம் பிறந்தது உட்பட. மேலே மூலையில், எப்போதோ செத்துப்போன என் அப்பா நாகப்பன், பக்கத்தில் எரியும் விளக்கோடு.

அம்மா இல்லை. செத்தவருக்கு இடம் இருந்தது, அவரைப் பறிகொடுத்துவிட்டு என்னை வளர்த்தவளுக்கு இல்லை. நல்ல காரியத்துக்கு வைக்கிற பேனரில் தாலியறுத்தவள் முகம் கூடாதாம். யாரும் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை, சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் மாமாவிடம் கேட்கக் கிளம்பினேன். அம்மாதான் "உடு, இன்னா இப்ப" என்று என் வாயை அடைத்தாள்.

பேனர் ஏறிய இரண்டாவது வாரம் விசா இல்லை என்று பதில் வந்தது.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், தானாகவே இரும்பைக் கடையும் சி.என்.சி. மெஷினில் வேலை செய்கிறவள். பொருளை மாட்டுவேன், பட்டனைத் தட்டுவேன், கழற்றுவேன். மெஷினுக்கு புரோகிராம் எழுதுகிற இடத்துக்குப் பெண்களை விடுவதில்லை. ஜெர்மனிக்குப் போனால் அதைக் கற்றுக்கொடுப்பார்கள். அதற்காகத்தான் ரயிலில் நின்றபடியே ஜெர்மன் படித்தேன். ஆனால் விசா இன்டர்வியூவில் ஏன் ஜெர்மனி என்று கேட்டால் சொல்ல, கோச்சிங் சென்டரில் எங்கள் எல்லாருக்கும் ஒரே பதிலைத்தான் கொடுத்திருந்தார்கள். 'உங்கள் நாட்டின் பண்பாடு என்னைக் கவர்ந்தது.' ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒப்பித்தே பாஸானவள் நான், அதையும் பிசகாமல் ஒப்பித்தேன். எந்தப் பண்பாடு என்று தூதரகத்தில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் கேட்டார். அதற்குப் பதில் எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

தொழிற்சாலைக்காரர்கள் நல்லவர்கள். அடுத்த பேட்ச் வரை இடத்தை வைத்திருக்கிறோம், திரும்ப முயற்சி செய் என்று எழுதினார்கள். எங்கள் தெருவுக்குத்தான் அந்தப் பொறுமை இல்லை. பால் வாங்கப் போனால் "இன்னும் போலியா?" என்றார்கள். பேனர் பக்கம் தலைகாட்டாமலே இருந்த மாமா, ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தார்.

"பேனர அவுத்துர்லாம். தெருவே சிரிக்குது. குமணன்சாவடில ஒரு பையன் கீறான், சொந்த டெம்போ வெச்சிகினு கீறான். ஜெர்மனிலாம் நமக்கு இன்னாத்துக்கு? நமக்கு ராசி இல்லமே."

"ராசி இருக்கட்டும் மாமா. அந்த பேனர்ல அம்மா ஏன் இல்ல?"

மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா சோறு வடித்துக்கொண்டிருந்தாள், திரும்பவில்லை.

"ஊரு வாய்க்குப் பயந்துதான்" என்றார்.

"அம்மாவ தள்ளி வெச்சியே, வந்துடுச்சா விசா?"

அவர் எழுந்து தெருமுனைக்குப் போனார். பேனர் அவருடையது, கழற்றிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். அன்று சாயங்காலமே ஃபிளெக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரன் முகமது ஆசிக் என்னோடு பள்ளியில் படித்தவன். நான் சொல்லச் சொல்ல டைப் அடித்தவன், பாதியில் கையை எடுத்துவிட்டான்.

"இன்னாமே இது? பெயிலாப்போனதுக்கெல்லாம் எவனாவது பேனர் வெப்பானா?"

"நான் வெப்பேன். அடி."

மறுநாள் காலையில் நானும் ஆசிக்கும் அதே கம்பத்தில் கட்டினோம். கோபுரம் இல்லை, தங்க எழுத்து இல்லை. அம்மா வேலை செய்யும் துணிக் கம்பெனியின் அடையாள அட்டையில் இருந்த படம், பொட்டில்லாமல், முறைத்துப் பார்த்தபடி, பேனரில் பாதிக்கு. பக்கத்தில் கொட்டை எழுத்தில்:

'விசா கிடைக்கவில்லை. மறுபடியும் கேட்பேன். அப்போதும் இல்லையென்றால் திரும்பவும் கேட்பேன். இப்படிக்கு, பேபியின் மகள் அகல்யா.'

தெரு கூடிவிட்டது. சிரிக்க வந்தவர்களுக்கு எதைச் சொல்லிச் சிரிப்பது என்று புரியவில்லை. கேட்க வேண்டியதெல்லாம் அதிலேயே எழுதியிருந்தது. எதிர்வீட்டு மங்களம் அக்கா மட்டும், காலங்கார்த்தால தாலியில்லாதவள் முகத்தில் முழிக்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்தாள். வேறு தெரு வழியாகப் போங்கள் என்றேன்.

மாமாவுக்குச் செய்தி போய்விட்டது. நான் வேலை முடிந்து ரயிலிறங்கி வரும்போது ஏணி போட்டு ஏறியிருந்தார், கையில் கத்தி. நான் ஓடினேன். எனக்கு முன்னால் அம்மா நின்றுகொண்டிருந்தாள், கம்பெனி வேனிலிருந்து இறங்கிய கையோடு, தோளில் சாப்பாட்டுப் பையோடு. காலையில் நாங்கள் கட்டுவதற்கு முன்பே வேன் ஏறிப் போனவள், பேனரை அப்போதுதான் முதல்முறை பார்க்கிறாள். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. கழற்று என்று அவளே சொல்லியிருந்தால் நான் உடைந்துபோயிருப்பேன்.

அம்மா ஏணியைப் பிடித்தாள்.

"அண்ணாத்தே, கீழ எறங்கு."

"பேபி, ஊரே பாக்குது."

"பாக்கட்டும். அதுல நான் கீறேன். கத்திய வெச்சன்னா என் மூஞ்சில வெக்கற மாதிரி."

அம்மா அண்ணனிடம் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை. அன்றும் உயர்த்தவில்லை. ஏணியை மட்டும் விடவில்லை. மாமா இறங்கினார். கத்தியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்.

அம்மா அண்ணாந்து தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்தவிட நல்ல போட்டோ கெடைக்கலியா?"

"வேற இல்லம்மா."

"சரி. எப்ப மறுபடி போற?"

"அடுத்த மாசம்."

"எந்தப் பண்பாடுன்னு கேட்டா?"

"பண்பாட்டுக்கு வரல, மெஷினு கத்துக்க வரேன், எங்கூர்ல உட மாட்டேங்கறாங்கன்னு சொல்வேன்."

அம்மா சாப்பாட்டுப் பையை என் கையில் கொடுத்துவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

"அத்த மொத தபாவே சொல்றதுக்கு இன்னா" என்றாள்.