சுத்தியல் தேர்ந்தெடுத்த கார்

அன்றைக்கு என் மச்சான் சவரிராயனைக் கூட்டிக்கொண்டு போனது என் தப்பு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர் இல்லாமல் ஒரு நட்டைக்கூட என்னால் கழற்ற முடியாது என்பதும் உண்மைதான்.

நான் கல்லூரியில் பிசிக்ஸ் லேப் டெமான்ஸ்ட்ரேட்டர். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பிப்ரவரியும் சோழவரம் போய், கயிற்றுக்கு இந்தப் பக்கம் வெயிலில் நின்று கார் ரேஸ் பார்த்துவிட்டு வருகிறவன். ஒரே ஒரு முறை கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் ஓட்டிவிட வேண்டும், முடிந்தால் ஜெயித்தும்விட வேண்டும். எனக்கு இருந்த ஆசை அவ்வளவுதான். எழுபத்தெட்டில் முப்பத்தெட்டு வயது முடிந்தபோது பயம் வந்துவிட்டது. மனைவி அமலராணியிடம் கேட்டேன். ஒரே ஒரு தடவைதான், அதோடு ஆசையை மூட்டை கட்டிவிட வேண்டும் என்று சொல்லி உடனே சம்மதித்தாள். சீலிங் ஃபேன் வாங்க ஒரு மாதம் யோசித்தவள் இதற்கு உடனே தலையாட்டுகிறாள் என்றால் எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

பழைய கார் ஒன்றை வாங்கிப் பிரித்து, ரேஸ் காராக மாற்ற வேண்டும். மாற்றித் தர ஒப்புக்கொண்டவர் அவளுடைய அண்ணன் சவரிராயன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் அவருக்கு வேலையே சக்கரங்களைச் சுத்தியலால் தட்டுவதுதான். எழும்புகிற சத்தத்தை வைத்தே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். இருபது வருடமாகத் தட்டித் தட்டி அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. எங்கள் கல்யாணத்துக்கு வந்த கட்டில், பீரோ எல்லாவற்றையும் தட்டிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். கோயில் வாசலில் அண்ணனும் தங்கையும் பத்து நிமிடம் தனியாக நின்று பேசினார்கள். குடும்ப விஷயமாக இருக்கும் என்று நான் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் கே.கே. நகர். ஒரு பல் டாக்டரின் ஃபியட். வெள்ளை வெளேரென்று கண்ணாடிபோல வைத்திருந்தார். நான் எஞ்சினைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தபோதே பின்னால் டங் என்று கேட்டது. திரும்பிப் பார்த்தால் மச்சான் சுத்தியலோடு குனிந்து காதைக் கதவில் வைத்திருக்கிறார். காலடியில் பெயிண்ட் ஒரு சில்லு. டாக்டர் எங்களை கேட் வரைக்கும் வந்து வழியனுப்பினார். மரியாதைக்காக இல்லை.

அடுத்தது ஸ்ரீரங்கம், சித்திரை வீதி. ரிட்டயர்டு தலைமையாசிரியர் சௌம்யநாராயணனின் ஹெரால்டு கார். சின்ன வண்டி, லேசான வண்டி, முன்பக்கம் மொத்தமாகத் தூக்கித் திறக்கும். பார்த்ததுமே எனக்கு மனசு போய்விட்டது. எதற்கு வாங்குகிறேன் என்று அவர் கேட்டார். மறைக்கத் தெரியாமல் ரேஸ் என்று சொல்லித் தொலைத்தேன்.

அவர் நீட்டிய சாவியைத் திரும்ப இழுத்துக்கொண்டார். “பெருமாளே தேர்ல நாலு வீதியும் நிதானமாத்தான் ஏளறார். உமக்கு என்ன ஓய் அவ்வளவு அவசரம்?”

ஆனாலும் நல்ல மனுஷர், சாவியைக் கொடுத்துவிட்டார். மச்சானிடம் கெஞ்சிச் சுத்தியலில் கைக்குட்டையைச் சுற்ற வைத்தேன். அவர் கதவைத் தட்டினார், கூரையைத் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார். “ரொம்ப மெல்லிசு மாப்ள. வேண்டாம்.”

நடுத்தெருவில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. எடை குறையக் குறையத்தான் வேகம் கூடும், இது ஒன்பதாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும் என்று கத்தினேன். அவர் கத்தவில்லை. எடை இல்லாத ரயில் எஞ்சின் நின்ற இடத்திலேயே சக்கரத்தைச் சுற்றும், தண்டவாளத்தைப் பிடிக்க எடைதான் வேண்டும் என்றார். நான் சோழவரத்தில் தண்டவாளம் இல்லை என்றேன்.

“உங்க லேப்ல எத்தனை வண்டி ஓடுது மாப்ள?” என்று கேட்டார்.

மூன்றாவது, தொட்டியத்தில் வாழைக்காய் வியாபாரி ரத்தினவேலின் அம்பாசிடர். பின்சீட் முழுக்க வாழைக்கறை, உள்ளே பழ வாசனை, தார்களைக் கட்டிய கயிற்றின் தடம் கூரையில். மச்சான் தட்டினார். கணீரென்று கேட்டது. கண்ணை மூடிக்கொண்டார். இன்னொரு தடவை தட்டிவிட்டு, கட்டினால் இதைத்தான் கட்டுவேன், இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வேறு ஆள் ஏது எனக்கு? வாங்கினேன். ஹெரால்டை நினைத்து இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்று மாதம் அவர் வீட்டுக் கொட்டகையில் வேலை நடந்தது. எடையைக் குறைக்க, ஓட்டுகிற சீட் போக மற்ற சீட்டுகளைக் கழற்றச் சொன்னேன். கழற்றினார். கழற்றிய இடத்தில் கட்டைவிரல் தடிமனுக்கு இரும்புக் குழாய்களை வளைத்து, கூரைவரைக்கும் கூண்டுபோல வெல்டிங் வைத்தார். கதவுக்குள் தகடு, தகட்டுக்குப் பின்னால் இன்னொரு தகடு. ஷிஃப்ட் முடிந்து வேடிக்கை பார்க்க வந்தவர்களும் ஆளுக்கொரு இடம் காட்டி, இங்கேயும் ஒன்று போடலாம் என்றார்கள். கடைசியில் ஒரு ரைஸ் மில் எடைமேடையில் ஏற்றினால், வாங்கிய நாளைவிட எண்பது கிலோ கூடியிருந்தது.

பிப்ரவரி வந்தது. அமலராணி புளிசாதம் கட்டிக்கொண்டு சோழவரத்துக்கே வந்துவிட்டாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் போய் ஹெல்மெட்டை மாட்டினேன். கொடி இறங்கியது. எல்லோரும் போனார்கள். அப்புறம் நானும் போனேன்.

முதல் இரண்டு சுற்றும் கடைசி. மூன்றாவது சுற்றில், திருப்பத்தில் ஒருவரை முந்திவிடலாம் என்று தோன்றியது. தோன்றியிருக்கக் கூடாது. முன்னால் போன கார் சுழன்று என் மேல் வந்தது. நான் ஸ்டியரிங்கை ஒடித்தேன். வானம் கீழே போயிற்று, தரை மேலே வந்தது, மறுபடி வானம் மேலே வந்து நின்றது. என் அம்பாசிடர் முழுசாக ஒரு உருட்டு உருண்டு சக்கரத்தின் மேலேயே நின்றுகொண்டிருந்தது. முன்கண்ணாடி காணோம். மற்றபடி கூரை கூரையாக இருந்தது, கதவு கதவாக இருந்தது, நான் நானாக இருந்தேன்.

என் ரேஸ் அவ்வளவுதான். பன்னிரண்டு வருட ஆசை இரண்டரைச் சுற்றில் முடிந்துவிட்டது.

மச்சான் சுத்தியலோடு ஓடிவந்தார். என்னை விசாரிக்கவில்லை. குழாய்களை ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் கணீர் கணீர். கடைசியில் என் ஹெல்மெட்டை ஒரு தட்டுத் தட்டி, “இது மட்டும் காலி” என்றார்.

பின்னாலேயே அமலராணி வந்தாள். என் கையையும் தோளையும் தொட்டுப் பார்த்தாள். நான் அழாத குறையாக, ஹெரால்டாக இருந்திருந்தால் நான் முன்னாலேயே முந்தியிருப்பேன் என்றேன்.

“அண்ணனைத் திட்டாதீங்க. நான்தான் கோயில் வாசல்ல சொன்னேன்” என்றாள். “நீங்க ஜெயிச்சாலும் சரி தோத்தாலும் சரி, உள்ள இருக்குற ஆளு எனக்கு முழுசா வேணும், அதுக்கேத்த வண்டியாப் பாருங்கன்னு.”

ஹெல்மெட்டை நான் உடனே கழற்றவில்லை. கழற்றினால் கண்ணைப் பார்த்துவிடுவார்கள்.

மச்சான் தன் ரயில்வே பாஸில் ரயிலேறிவிட்டார். வண்டி மறுநாள் இழுத்த இழுப்புக்கு ஓடியது. முன்கண்ணாடி இல்லாமல், கண்ணில் காற்று அடிக்க, நாங்கள் இருவரும் திருச்சிக்குத் திரும்பினோம். சீட் இல்லாததால் அவள் மடித்த ஜமக்காளத்தைப் போட்டு டூல் பெட்டியின் மேல் உட்கார்ந்து, ஒரு கையால் குழாயைப் பிடித்திருந்தாள். இனி ஒழுங்காக இருப்பது என்று நாற்பதிலேயே போய்க்கொண்டிருந்தேன். விழுப்புரம் தாண்டியதும் ஒரு பஸ் ஹாரன் அடித்து எங்களை முந்திப் போனது.

அமலராணி அந்த பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“என்னங்க, அவனை விட்டுடப் போறீங்களா?”